டன்னுக்கு எத்தனை கிராம்

சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஒரு தடவைக்கு இருபத்திரண்டு பேர் இறங்கலாம். அவள் ஏறினால் மட்டும் பதினெட்டுப் பேரிலேயே கூண்டு நிறைந்துவிடும். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, குத்தலாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. "நாங்க அடுத்த டிரிப்புல வர்றோம்" என்று நாலு பேர் பின்வாங்கி நிற்பார்கள், அவ்வளவுதான். உள்ளே நிற்பவர்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு அவளைச் சுற்றி ஒரு முழ இடம் விட்டுவிடுவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் மூச்சுமுட்டும் கூண்டில் அவள் ஒருத்திக்குத்தான் கையை வீசி நிற்க இடம் இருந்தது.

அவளைக் 'கிராம் அக்கா' என்பார்கள். நேரில் 'மேடம்'. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பட்டப்பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. தங்கச் சுரங்கத்தில் வெட்டும் ஒவ்வொரு பாறை முகப்பிலும் மாதிரி எடுத்து, அந்தக் கல்லில் டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பாறையின் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, உளியால் வாய்க்கால்போலச் செதுக்குவாள். உதிரும் சில்லுகளைத் துணிப்பையில் பிடித்து, சீட்டுப் போட்டுக் கட்டி, மேலே சோதனைக்கூடத்துக்கு அனுப்புவாள். நாலு நாளில் ஓர் எண் வரும். பதினெட்டு வருடமாக இதே வேலை. இத்தனை வருடத்தில் ஒருநாளாவது பாறையில் தங்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறாளா என்றால், இல்லை. அவ்வளவு பொடி அது. ஒரு லாரி நிறையக் கல்லை இடித்து அரைத்தால் இரண்டு மூன்று மோதிரம் தேறும். "பக்கத்துலயே இருக்க, ஒரு பொட்டுத் தங்கமாவது கையில ஒட்டலையா?" என்று அவளுடைய அக்கா தொலைபேசியில் கேட்டுச் சிரிப்பாள். அக்கா இருப்பது வேறு ஊரில், மகன் வீட்டில். இவளோ கணவனைப் பிரிந்து பதினொரு வருடமாகத் தனியாக இருக்கிறாள். அக்காவின் அழைப்பைத் தவிர அந்தத் தொலைபேசி அடிப்பது சோதனைக்கூடத்திலிருந்து மட்டும்தான்.

கூண்டில் இடம் விடும் பழக்கம் இரண்டு வருடத்துக்கு முன்னால் தொடங்கியது. அடுக்கடுக்காகக் கீழே இறங்கும் சுரங்கத்தின் பதினேழாம் மட்டத்தில் தரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்து கிராம், நாலு, மூன்றரை, கடைசியில் இரண்டு புள்ளி எட்டு. நாலு கிராமுக்குக் கீழே போனால் அந்தக் கல்லை மேலே கொண்டுவருவது நஷ்டம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. மட்டத்தை மூடினார்கள். நாற்பது பேர் வேலை இழந்து ஊரைவிட்டுப் போனார்கள். மூடியது நிர்வாகம், கையெழுத்துப் போட்டது மேலாளர். ஆனால் எண்ணை எழுதியது அவள். நாற்பது குடும்பங்கள் மூட்டை கட்டிய வாரத்தில் பக்கத்துக் குடியிருப்புப் பெண் வழக்கமாகக் கொடுக்கும் கறிவேப்பிலையைக் கொடுக்கவில்லை. அப்புறம் கொடுக்கவே இல்லை. கேன்டீனில் அவள் உட்காரும் மேசையில் ஆறு நாற்காலி. ஐந்து காலியாகவே கிடக்கும். சில நாள் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், காலையிலிருந்து தன் குரலையே கேட்கவில்லையே என்று அவளுக்கு உறைக்கும். அதனால் சுரங்கத்துக்குள் ஆளில்லாத இடத்தில் மாதிரிச் சீட்டின் எண்களை வாய்விட்டுப் படித்து எழுதப் பழகிக்கொண்டாள். "ஏழாயிரத்து நூத்திப் பதினாறு," என்று சொல்லுவாள். பாறை எதுவும் சொல்லாது.

இப்போது பத்தொன்பதாம் மட்டத்துக்கு முறை வந்திருந்தது.

அங்கேயும் தரம் இறங்கியது. ஆறு மாதத்தில் ஐந்திலிருந்து மூன்றுக்குக் கீழே. மாதக் கூட்டத்தில் மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. கோபம் வந்தால்கூட யாரையும் ஒருமையில் பேசமாட்டார்.

"பாருங்க, ஒரு டன் கல்லை மேலே கொண்டுவர ஆகுற செலவு கல்லுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்து ஆகறதில்ல. துளை போடணும், வெடி வைக்கணும், அள்ளணும், தூக்கணும், அரைக்கணும். தண்ணி இறைக்குற பம்பு ஓடிக்கிட்டேதான் இருக்கணும், காத்து அடிக்குற மெஷினும் ஓடணும். ஆறு கிராம் இருக்குற டன்னுக்கும் அதே செலவு, மூணு கிராம் இருக்குற டன்னுக்கும் அதே செலவு. ஆறு கிராம் இருந்தா அந்தச் செலவை ஆறு பேர் தோள் குடுத்துத் தூக்குற மாதிரி. மூணுன்னா மூணு பேர் தூக்கணும். தோள் முறிஞ்சிடும். இன்னும் மூணு மாசம் பாக்கலாம். நாலுக்கு மேல வரலைன்னா பத்தொன்பதையும் மூட வேண்டியதுதான்."

செய்தி அவர் அறையிலிருந்து கேன்டீனுக்குப் போக அரை மணி நேரம் ஆகவில்லை.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அவள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கதவைத் தட்டிய முதல் ஆள். திறந்தால், பத்தொன்பதாம் மட்டத்தின் ஃபோர்மேன் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பேசினால் பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும் என்பதால் கட்டைக்குரல் என்றே எல்லோரும் சொல்வார்கள். சலவைச் சட்டை போட்டிருந்தார். சுரங்கத்துக்கு வெளியே அவரை அவள் பார்த்ததே இல்லை. தலைக்கவசம் இல்லாமல் நெற்றி பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தது.

"உக்காருங்க," என்றாள். இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றின் மேல் துணி குவிந்திருந்தது. அவசரமாக அள்ளிக் கட்டிலில் போட்டாள். தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். அவர் டம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது எனக்கு," என்றார். "நீங்க மாதிரி எடுக்குறப்போ குறுக்கே நேரா வெட்டுறீங்க. நடுவுல இருக்குற வெள்ளைக்கல்லுலதான் சரக்கு இருக்கு. அங்க ரெண்டு கொத்து கூடப் போட்டு, ஓரத்துக் கறுப்புக் கல்லுல ரெண்டு கொத்து கம்மியாப் போட்டா யாருக்குத் தெரியப்போவுது? என் மட்டத்துல அம்பத்தாறு பேரு இருக்காங்க."

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு மனிதர் வீடு தேடி வந்து உட்கார்ந்து பேசுகிறார் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"ஒரு மாசம் தெரியாது," என்றாள். "அடுத்த மாசம் மில்லுல அரைச்சுப் பாத்தா என் பேப்பருல இருக்குற தங்கம் அங்க இருக்காது. அப்புறம் பத்தொன்பது மட்டுமில்ல, நான் எழுதுன எல்லா மட்டத்தையும் சந்தேகப்படுவாங்க. என்னால முடியாதுங்க."

"தெரியும், முடியாதுன்னுதான் சொல்லுவீங்க. கேக்காம இருந்தா என் மனசு கேக்காது, அதான் வந்தேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "பதினேழுல என் தம்பி இருந்தான். இப்ப எங்கியோ ஒரு கட்டடத்துல வாட்ச்மேன். துளை போடுறதுல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது இந்தச் சுரங்கத்துல. ராத்திரி பூரா கேட்டைத் திறந்து மூடிக்கிட்டு இருக்கான். என்கிட்டக்கூட சரியாப் பேசுறதில்ல."

அவர் எழுந்துகொண்டார்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல மேடம். தரம் இறங்குது இறங்குதுங்கிறீங்க. நான் தெனமும் அந்தக் கல்லு மூஞ்சியிலதான் முழிக்கிறேன். அதே வெள்ளை, அதே பளபளப்பு, அதே அரை மீட்டர் அகலம். கல்லு மாறவே இல்லையே."

அவர் போய்விட்டார். ஆறிப்போன தேநீரை ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவும்போது அந்த வார்த்தைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. கல்லு மாறவே இல்லையே. ஆழம் போகப் போகத் தங்கம் குறையும் என்பது அங்கே எல்லோரும் சொல்வது. அவளும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஆள் முப்பது வருடம் பாறையோடு பழகியவர். பாறையைப் பற்றிப் பொய் எழுதச் சொல்ல வந்தவர்கூட பாறை மாறிவிட்டது என்று சொல்லவில்லை.

மறுநாள் பத்தொன்பதில் இறங்கியதும் வழக்கத்தை மாற்றினாள். சுவரிலிருந்து சுவருக்கு ஒரே பையில் பிடிப்பது விதி. அந்தப் பையோடு கூட மூன்று பைகள் தனியாக எடுத்தாள். இடது பக்கக் கறுப்புக் கல் ஒன்றில், நடுவில் ஓடும் வெள்ளைக்கல் நரம்பு ஒன்றில், வலது பக்கம் ஒன்றில். நரம்பின் அகலத்தை நாடாவால் அளந்தாள். ஐம்பது சென்டிமீட்டர். வெட்டியிருக்கும் சுரங்கத்தின் அகலத்தை அளந்தாள். இரண்டு மீட்டர் இருபது. அந்த எண் புதிதில்லை. ஒவ்வொரு தடவையும் குறிப்பேட்டில் அவளே எழுதுகிற எண்தான். அப்படியும் நாடாவை இன்னொரு தடவை பிடித்து அளந்தாள்.

நாலு நாள் கழித்துச் சோதனைக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. வலது பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். நடுவில் டன்னுக்குப் பன்னிரண்டு கிராம்.

பன்னிரண்டு!

தங்கம் எங்கேயும் போய்விடவில்லை. ஒரு குடம் பாலில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மாடு மெலிந்துவிட்டது என்று எல்லோரும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் பத்தொன்பதுக்குப் பெரிய துளையிடும் வண்டி வந்திருந்தது. அது உள்ளே போய்த் திரும்பவே இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். வண்டிக்கு வழி விடுவதற்காக நரம்பின் இரண்டு பக்கமும் வெறும் கல்லை உடைத்து, அதையும் அள்ளி, அதையும் தூக்கி, அதையும் அரைத்துக்கொண்டிருந்தார்கள். டன் கணக்கு ஏறியது. டன் ஏறினால் எல்லோருக்கும் ஊக்கத்தொகை. மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம். தரம் இறங்கியதற்குப் பழி பாறையின் தலையில் விழுந்தது.

அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சமையலறையில் நின்றபடி தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். பழைய கைத்துளைக் கருவியை வைத்து ஒரு மீட்டர் சொச்சம் அகலத்துக்கு மட்டும் வெட்டினால், தூக்கும் கல் பாதியாகும், தங்கம் குறையாது. பம்பும் காற்றும் அதேதான் ஓடும், அதைக் குறைக்க முடியாது. ஆனால் வெடி பாதி, அள்ளுவது பாதி, தூக்குவது பாதி, அரைப்பது பாதி. தரம் ஐந்துக்கு மேல் வரும். ஒரு கிராம் எடுக்க ஆகும் செலவு நன்றாகவே இறங்கும்.

அப்புறம்தான் பதினேழின் நினைவு வந்தது.

பதினேழிலும் அந்த வண்டிதான் ஓடியது. அலுவலகத்து அலமாரியில் பழைய குறிப்பேடுகள் இருந்தன. எடுக்கவேண்டாம் என்று இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கேன்டீனுக்குப் போனபின், எடுத்துப் பிரித்தாள். அவளுடைய கையெழுத்துதான். நரம்பின் அகலம் ஐம்பத்தைந்து. வெட்டிய அகலம் இரண்டு மீட்டர் முப்பது. தரம் இரண்டு புள்ளி எட்டு. மூன்று எண்ணும் ஒரே வரியில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு வருடமாக அங்கேயே கிடந்தன. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடும் கணக்கு. ஒன்றேகால் மீட்டருக்கும் குறைவாக வெட்டியிருந்தால் ஐந்து புள்ளி நான்கு வந்திருக்கும்.

பதினேழை மூடியிருக்கவே வேண்டாம்.

குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறைக்கு வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம்? விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் ஒரு விரலுக்குமேல் மடங்கவில்லை. அன்று சாயங்காலம் அக்காவை அவளே கூப்பிட்டாள். அக்கா பதறிப்போய், "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். "சும்மாதான் கூப்பிட்டேன்," என்றாள். நரம்பு, அகலம், வகுத்தல் என்று எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அக்கா பேரனுக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அறிக்கை நாலு பக்கம் வந்தது. முதல் மூன்று பக்கம் பத்தொன்பதைப் பற்றி. கடைசிப் பக்கம் பதினேழைப் பற்றி. மேலாளர் இரண்டு தடவை படித்தார்.

"இந்த வண்டியை வாங்கச் சொல்லி எழுதுனவனே நான்தான்," என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "டன் குறைஞ்சா மேல இருக்குறவங்க முதல்ல என்னைத்தான் கேப்பாங்க. ஒரு முகப்பு தர்றேன். மூணு வாரம். கையால வெட்டிக் காட்டுங்க. மில்லுல தனியா அரைக்கச் சொல்றேன். அந்த எண் பேசட்டும்."

"சரிங்க சார்."

"இந்தக் கடைசிப் பக்கம்..." அதை மட்டும் தனியாக எடுத்தார். "பதினேழு இடிஞ்சு கிடக்குதும்மா. கூரைக்கு முட்டுக் குடுத்த மரத்தையெல்லாம் கழட்டி ரெண்டு வருஷமாச்சு. இப்போ இதை எழுதி யாருக்கு என்ன லாபம்? உங்க பேருதான் கெடும்."

"இருக்கட்டும் சார். நான் எழுதுனதுதானே. அதுவும் அதுலயே இருக்கட்டும்."

அவர் பக்கத்தைப் பழைய இடத்திலேயே செருகிக் கோப்பை மூடினார்.

கைத்துளைக் கருவியை ஓட்டத் தெரிந்தவர்கள் பத்தொன்பதில் நாலே பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒற்றைக்காது. முப்பது வருடம் அந்தக் கருவியின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அவரிடம் பேச வேண்டுமென்றால் வலது பக்கமாகப் போய் நின்று பேச வேண்டும். இடது பக்கத்திலிருந்து யார் திட்டினாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். முதல் நாள் அவள் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக, கொஞ்சமா வெட்டச் சொல்றீங்க. என் பொண்டாட்டியும் அதையேதான் சொல்றா, தட்டுல சோத்தைப் பாத்து," என்றார். கட்டைக்குரல் பெரிதாகச் சிரித்தார். சுரங்கம் முழுக்க அந்தச் சிரிப்பு உருண்டது. இரண்டு வருடத்தில் அவள் இருக்கும் இடத்தில் யாரும் சிரித்ததில்லை.

அடுத்த இரண்டு வாரம் அவள் வாழ்க்கையில் நல்ல வாரங்கள். தினமும் காலையில் முகப்புக்குப் போய் நரம்பின் இரண்டு பக்கமும், ஆள் நிற்க ஒன்றரைச் சாண் தள்ளி, சிவப்புச் சாயத்தில் கோடு போடுவாள். கோட்டுக்கு வெளியே அநாவசியமாக ஒரு சாண்கூட உடையக் கூடாது. அந்த இடுக்கில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் திரும்ப முடியும். நாலு பேரும் வியர்வையில் குளித்தார்கள், வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், ஆனாலும் கோட்டைத் தாண்டவில்லை. கட்டைக்குரல் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். "மேடம், இந்த இடத்துல நரம்பு சாயுது பாருங்க, கோட்டை ரெண்டு விரல் இந்தப் பக்கம் தள்ளுங்க," என்பார். சாப்பாட்டு நேரத்தில் அவரவர் டப்பாவைத் திறந்து கல்லின் மேல் உட்காரும்போது அவளுக்கும் ஒரு கல்லைத் துடைத்து வைத்தார்கள். மேலே கேன்டீனுக்குப் போக வேண்டியதில்லை. ஒற்றைக்காதுக்கு வலது பக்கமாக அவள் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த இரண்டு வாரமும் பதினேழு அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. மேலாளருக்குத் தெரியும். கோப்பில் இருக்கிறது. ஆனால் கோப்பை யார் பார்க்கப்போகிறார்கள்? சொல்லாமல் விட்டால் இந்தக் கல்லும், இந்தச் சாப்பாடும், இந்தச் சிரிப்பும் இப்படியே இருக்கும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

பதினைந்தாம் நாள், சாப்பாடு முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகு, கட்டைக்குரல் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "இது மட்டும் பலிச்சுதுன்னா தம்பியை வரச் சொல்லி எழுதப்போறேன் மேடம். கைத்துளைக்கு ஆள் வேணும்ல? அவனுக்கு இது தண்ணி பட்ட பாடு."

அதற்கு மேல் அவளால் மறைத்துவைக்க முடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். சொன்னாள். அகலம், தரம், வகுத்தல், எல்லாவற்றையும். "பதினேழுலயும் இதேதான் நடந்திருக்கு. கல்லு நல்லாத்தான் இருந்திருக்கு. என் நோட்டுலயே இருந்துச்சு. நான் பாக்கல. மூடியிருக்க வேண்டியதே இல்ல."

தலைக்கவச விளக்கின் வெளிச்சத்தில் அவர் முகம் தெரியவில்லை. விளக்கு மட்டும் அவளைப் பார்த்தது. தூரத்தில் பம்பு ஓடும் சத்தம் கேட்டது.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

"ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் முன்னாடி."

"ரெண்டு வாரமா எங்களோட உக்காந்து சாப்பிட்டீங்க."

அவர் எழுந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் நடந்து போனார்.

மறுநாளிலிருந்து அவர் பேசுவது வேலையளவுக்குச் சுருங்கியது. "கோடு போட்டாச்சா?" "போட்டாச்சு." "சரி." சாப்பாட்டு நேரத்தில் ஒற்றைக்காது வழக்கம்போல அவளுக்குக் கல்லைத் துடைத்து வைத்தார். விஷயம் அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை இடது பக்கமாகச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. ஆனால் கட்டைக்குரல் எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு அவளுக்கு அந்தக் கல்லில் உட்காரக் கூச்சமாக இருந்தது. இன்னும் மாதிரி எடுக்க வேண்டிய முகப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். எங்கேயாவது ஒரு மூலையில் நின்றுகொண்டே டப்பாவைக் காலி செய்வாள்.

மூன்று வாரம் முடிந்து மில்லின் எண் வந்தது. ஐந்து புள்ளி இரண்டு.

மேலாளர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது பத்து வயது கூடியவர்போல் வந்தார். ஆனால் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தார். பத்தொன்பதை மூடுவதில்லை. எல்லா முகப்பிலும் இனிக் குறுகலாகத்தான் வெட்டுவது. ஊக்கத்தொகை இனி டன்னுக்கு இல்லை, கிராமுக்கு. வண்டி வேறு சுரங்கத்துக்குப் போகும். வண்டியோடு துளை போட்டும் கல் அள்ளியும் வேலை செய்த பதினொரு பேரில் கூடவே போக இஷ்டமுள்ளவர்கள் போகலாம். மற்றவர்களுக்குக் கணக்கு முடித்துவிடுவார்கள். அள்ளும் கல் பாதியானதால் அள்ளும் ஆளும் அத்தனை தேவையில்லை.

ஆக, நாற்பத்தைந்து பேர் தங்கினார்கள். பதினொரு பேர் போனார்கள். தங்கியவர்கள் நன்றி சொல்ல வரவில்லை. தங்கியதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. போனவர்கள் மட்டும் யாரால் போகிறோம் என்பதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். வண்டியை ஓட்டியவர் அவளை அலுவலக வாசலில் நிறுத்தி, "ஒவ்வொரு தடவையும் நீங்க ஒரு நம்பர் எழுதுறீங்க, நாங்க ஒரு ஊர் மாறுறோம்," என்றார். சத்தம் போடவில்லை. கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அதனாலாக இருக்கும்.

கூண்டில் இப்போதும் இடம் விட்டார்கள். முன்பு ஒரு முழம், இப்போது முக்கால் முழம் இருக்கலாம். அவளுக்கு அப்படித் தோன்றியது.

கட்டைக்குரல் வேலையைத் தவிர வேறு வார்த்தை பேசாமல் ஏழு வாரம் ஓடியது. எட்டாவது வாரம் ஒருநாள், மூன்றாவது முகப்பில் அவள் தனியாக மாதிரி செதுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவர்தான். வந்து நின்றார். அவள் உளியை நிறுத்தினாள்.

"தம்பிகிட்ட சொன்னேன்," என்றார். "பதினேழைப் பத்தி."

அவள் உளியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. போனை வச்சுட்டான். ஒரு வாரம் எடுக்கவே இல்ல." தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இங்க வந்துடு, கைத்துளைக்கு இடம் இருக்குன்னு சொல்லியிருந்தேன். அதுக்கும் பதில் இல்ல. நேத்து அவனே கூப்புட்டான். வரமாட்டானாம். அங்கியே புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டானாம். இனிமே பூமிக்கடியில இறங்குறதா இல்லையாம்."

"சரி."

"ஒண்ணே ஒண்ணு கேட்டான். ஒழுங்கா வெட்டியிருந்தா டன்னுக்கு எத்தனை கிராம் வந்திருக்கும்னு கேட்டான். எனக்குத் தெரியாதுன்னேன். உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னான்."

குறிப்பேட்டைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. "அஞ்சு புள்ளி நாலு," என்றாள்.

"அஞ்சு புள்ளி நாலு," என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், மறந்துவிடக் கூடாது என்பதுபோல. "நல்ல கல்லுதான்."

"நல்ல கல்லு."

பிறகு அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கீழே கிடந்த துணிப்பையை எடுத்து அதன் வாயை இரண்டு கையாலும் விரித்து, பாறைக்குக் கீழே பிடித்தார். அவள் உளியை எடுத்தாள். சில்லுகள் பைக்குள் விழுந்தன. சுவரிலிருந்து சுவர்வரை செதுக்கி முடிக்கும்வரை அவர் பையை நகர்த்தி நகர்த்திப் பிடித்தார். பையைக் கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, "அங்க ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க," என்று சொல்லிக்கொண்டு அவர் போனார்.

அவள் சீட்டை எடுத்து எண்ணை எழுதினாள். அன்றைக்கு இன்னும் நாலு முகப்பு பாக்கி இருந்தது.